ஆரத்தி பட்ட செர்ரி மரம்

செர்ரி மரத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு வாயில் வராது. மரச் சாமான்களுக்குச் சாயமும் மெருகும் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. தேக்கு, மெராந்தி, நியாத்தோ, ரப்பர் மரம் என்று இந்த ஊரில் கட்டிலாகவும் மேசையாகவும் ஆகிற எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே பாதி அழிந்துவிட்டது. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனால் என் கட்டைவிரலை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. அந்த மரங்கள் எதுவும் என்னை ஏமாற்றியதில்லை. முரட்டு மரம் முதலிலேயே முரட்டு மரம் என்று காட்டிக்கொண்டுவிடும். செர்ரி அப்படியில்லை. தேய்த்து முடித்து வெறும் மரமாக நிற்கும்போது குழந்தையின் தோல்மாதிரி மழுமழுவென்று இருக்கும். அதை நம்பிச் சாயத்தில் துணியை நனைத்து ஓர் இழுப்பு இழுத்தால், அடுத்த நிமிடம் அம்மை வந்து ஆறிய முகமாகத் திட்டுத் திட்டாகக் கறுத்து நிற்கும்.

காரணம் இருக்கிறது. அந்த மரத்தின் உள் இழை ஒரே சீராக ஓடுவதில்லை. சில இடங்களில் இறுகிக் கிடக்கும், சில இடங்களில் சுழன்று தளர்ந்து கிடக்கும். தளர்ந்த இடம் சாயத்தை மடக்மடக்கென்று குடித்துவிடும். இறுகிய இடம் வேண்டாம் என்று தள்ளிவிடும். எது எந்த இடம் என்று வெளியே பார்த்தால் தெரியாது. என் அண்ணன் குடும்பமும் இந்த ஜாதிதான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

என் பட்டறை இந்தத் தீவில், ஜெலுத்தோங்கில், ஒரு பழைய கடைவீட்டின் பின்பாதி. முன்பாதியில் மோட்டார்சைக்கிள் பழுதுபார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்திலிருந்து எண்ணெய் நாற்றம், என் பக்கத்திலிருந்து ஸ்பிரிட் நாற்றம். இருவரும் ஒருவரை ஒருவர் குறைசொன்னதில்லை. மேசை நாற்காலி செய்வது என் வேலை இல்லை. அதைத் தெருமுனைச் சீனத் தச்சர் செய்வார். தேய்ப்பது, சாயம் ஏற்றுவது, மெருகு போடுவது என்னுடையது. ஜார்ஜ்டவுனில் பழைய வீடுகளையெல்லாம் தங்கும் விடுதிகளாக மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள், புது மேசையைக் கொண்டுவந்து பாட்டன் காலத்து மேசைபோல ஆக்கிக்கொடு என்பார்கள். ஆக்கிக்கொடுப்பேன். பொய் சொல்வதில் இவ்வளவு நேர்மையான தொழில் வேறு இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது. பாலிக் புலாவில் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவனுக்கு டுரியான் தோட்டமும் இருந்தது, குடியும் இருந்தது. அடித்தான். கொஞ்ச காலம் பொறுத்தேன். பிறகு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். கோர்ட்டுக்குப் போய் விவாகரத்தும் எழுதி வாங்கிவிட்டேன். அவன் செத்திருந்தால்கூட என் சொந்தக்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாவது மிஞ்சியிருக்கும். உயிரோடு இருக்கிறவனை விட்டு வந்தவளுக்கு அதுவும் இல்லை. நான் அதற்காக அழுததில்லை. நெற்றியில் பொட்டை எடுத்ததும் இல்லை.

அண்ணன் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கிறார். நல்ல மனிதர், அதாவது யாருக்கும் ஓர் உபயோகமும் இல்லாதவர். சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். அண்ணியும் அவரும் அக்கரையில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் இடைநிலைப் பள்ளி படித்தது இந்தக் கரையில். பள்ளிக்கூடம் என் பிளாட்டிலிருந்து நடந்து போகும் தூரம் என்பதால் வாரநாள் முழுக்க அவள் என்னோடுதான். சோறு, சீருடை, பேன், பரீட்சை, முதல் மாதவிலக்கு எல்லாம் என் வீட்டில்தான் நடந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவார். ஞாயிறு இரவு திரும்பக் கொண்டுவந்து விடுவார். இதைக் கணக்குக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் என் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுக்குக் கல்யாணம் கூடியது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை பெண்ணை மணையில் உட்காரவைத்து உறவுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசி நலுங்கு வைப்பார்கள். அப்பாவோடு கூடப்பிறந்த அத்தைக்கு அதில் முன்னுரிமை. அந்த இடத்தில் நான் போய் நின்று அவள் கன்னத்தில் மஞ்சள் வைக்கவேண்டும். அதை வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே கிடைக்கவேண்டியது என்று இருந்தேன்.

அத்தை கொடுக்கும் சீராக என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். கண்ணாடி வைத்த அலங்கார மேசை வேண்டும் என்றாள். போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"இந்த மாதிரி அத்தே. செர்ரி வுட்டாம். கலரு எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

"அது அமெரிக்கா மரம். இங்க எவன் வச்சிருப்பான்?"

"உங்களுக்குக் கெடைக்காததா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வெயிலில் அலைந்தேன். கடைசியில் பட்டர்வொர்த்தில், ஏற்றுமதிக்கு மேசை நாற்காலி செய்த ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், மூலையில் தூசி அடைந்து கிடந்த செர்ரிப் பலகைகளைக் கண்டுபிடித்து லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சீனத் தச்சர் பலகையை முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்குச் சாயம் ஏற்றப்போகிறாயா, உனக்குப் பைத்தியமா என்று மலாயில் கேட்டார். ஏற்றமாட்டேன், எண்ணெய் மட்டும்தான் என்றேன். ஏனென்றால் செர்ரிக்குச் சாயமே தேவையில்லை. வெளிச்சம் படப் படத் தானாகவே சிவந்து கறுக்கும். ஒரு வருடம் ஜன்னலோரம் நின்றால் போதும், எந்தச் சாயமும் கொடுக்க முடியாத நிறத்துக்கு வந்துவிடும். பொறுமை இருக்கிறவர்களுக்கு அதைப்போல மரம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மேசை வடிவத்துக்கு வந்ததும் அண்ணி பார்க்க வந்தார். இரண்டு பக்கமும் இழுப்பறை, நடுவில் உட்கார இடம், மேலே வளைந்த சட்டத்தில் கண்ணாடிக்கு இடம். தச்சர் குறைவைக்கவில்லை. அண்ணி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"என்னா இவ்ளோ வெளுப்பா இருக்கு? பெட்டி அடிக்கிற பலக மாதிரி."

"போகப் போகக் கறுக்கும் அண்ணி. வெளிச்சம் பட்டா தானா செவக்கும்."

"கல்யாணம் அடுத்த மாசம். மரம் கறுக்கிற வரைக்கும் மாப்ள வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்களா? சீரு வைக்கிறப்ப நல்லா டார்க்கா, ரிச்சா இருக்கணும்லா. ரோஸ்வுட் மாதிரி பண்ணிரு."

அண்ணி எதைக் கேட்டாலும் அது உத்தரவாகத்தான் வரும். நான் வாக்குவாதம் செய்யாதவள் இல்லை. ஆனால் அண்ணன் மகள் பின்னால் நின்று, சரின்னு சொல்லிருங்க அத்தே என்று கண்ணால் கெஞ்சினாள். சரி என்றேன்.

மேசையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் கறுப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். ஓரிடத்தில் காப்பி கொட்டியதுபோல, பக்கத்திலேயே ஒன்றும் ஏறாமல். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மரம் முழுவதையும் ஒரே அளவு சேண்ட்பேப்பரில் ஒரே சீராகத் தேய்க்கவேண்டும். பலகையின் வெட்டுமுகம் அதிகம் குடிக்கும் என்பதால் அதை இன்னும் நைசாகத் தேய்க்கவேண்டும். பிறகு மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் தண்ணியாகக் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. அது எல்லாத் துளைகளையும் அரைகுறையாக அடைத்துவிடும். காய்ந்த பிறகு லேசாக ஒரு தேய்ப்பு. அதற்குமேல் கூழ்ப்பதமான சாயத்தைப் பூசித் துடைத்தால் அது மரத்துக்குள் பாயாமல் மேலேயே உட்காரும். திட்டு விழாது. ஒரே பூச்சில் நிறத்தைக் கொண்டுவரப் பேராசைப்பட்டால் காரியம் கெடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும்.

அப்படித்தான் செய்ய இருந்தேன். மேசை முழுவதையும் தேய்த்து, தூசி துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கையும் கரைத்து வைத்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தீவின் காற்றில் சாதாரண நாளிலேயே துணியைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மழை நாளில் அரக்குப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு வெளுத்துப்போகும். ஆகவே மரத்தை வெறும் மரமாகவே விட்டுவிட்டு மழை வெறிக்கட்டும் என்று காத்திருந்தேன். தேய்த்து முடித்த, ஒன்றும் பூசாத மரம் எதைத் தொட்டாலும் பிடித்துக்கொள்ளும். வியர்வைக் கையை வைத்தால்கூட அடையாளம் தங்கும். நானே கையைத் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போனேன்.

அந்த மழையில்தான் அண்ணி வந்தார். கூட அவருடைய கோயில் மாதர் குழுவிலிருந்து இரண்டு பெண்மணிகள், பட்டுப்புடவையில். ஒருவர் கையில் துணி மூடிய தாம்பாளம். துணியை எடுத்தார். ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, ரத்தச் சிவப்பாக.

"என்னா அண்ணி இது?"

"சும்மாலா. கல்யாண சாமான் இல்ல? நாலு பேரு கண்ணு பட்டிருக்கும். சுத்தி எடுத்துட்டுப் போயிர்றோம். நீ ஒரு அஞ்சு நிமிசம் வெளிய நில்லு. இது கட்டுக்கழுத்திங்க செய்யறது."

என் பட்டறைக்குள் தினம் இருக்கிற கண்கள் என்னுடையவை மட்டும்தான். அது அண்ணிக்கும் தெரியும். அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் என் சொந்தப் பட்டறையிலிருந்து நான் வெளியே போய் நடைபாதையில், மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன். நல்ல காரியத்தில் என்னால் ஒரு சண்டை வந்தது என்று நாளைக்கு அந்தப் பெண்ணின் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் நின்றேன். தட்டைச் சுற்றினால் மரத்துக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றும் நினைத்தேன். சுற்றுவதோடு நிற்காது என்று எனக்குத் தோன்றாமல்போனதுதான் என் முட்டாள்தனம். மனிதருக்கு ஆரத்தி எடுத்தால் கடைசியில் அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைப்பார்கள் அல்லவா? மேசைக்கும் வைத்தார்கள்.

கதவிடுக்கில் பார்த்தேன். அண்ணி விரலைத் தோய்த்துத் தோய்த்து இரண்டு இழுப்பறைகளின் முகத்திலும், கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலும், நான்கு கால்களிலும் அழுத்தி அழுத்தி வைக்கிறார். நான் உள்ளே ஓடுவதற்குள் தாம்பாளம் சாய்ந்து மேற்பலகையில் கால்வாசித் தண்ணீர் ஓடியது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். துடைத்தாள் என்றா சொல்வது, மூலைக்கு மூலை பரப்பினாள்.

"கைய எடுங்க எல்லாரும்," என்றேன்.

"எதுக்கு இப்பக் கத்துற? தண்ணிதானே. காஞ்சிரும்."

"இன்னும் ஒண்ணும் பூசாத மரம் அண்ணி இது. சிமெண்டுத் தரையா? ஊறிப்போச்சி பாருங்க."

"மங்களமான கறைதானே. மேலதான் டார்க்கா அடிக்கப்போறியே, மறஞ்சிரும்."

"யாரு கண்ணு பட்டுச்சி, சொல்லுங்க. பேரச் சொல்லுங்க."

அண்ணி அந்த இரண்டு பெண்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் ஏறவில்லை.

"கண்ணு இல்ல. கை. வாழாத கைலா உன்னுது. மொதல்ல பட்டது அதுதான். எங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. நான் பயப்படக்கூடாதா?"

அந்தக் கையில் அவர் மகள் சோறு தின்றபோது பயம் வரவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூவரும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆரத்தித் தண்ணீரின் மிச்சத்தை என் வாசலில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

மஞ்சளை எடுப்பது கஷ்டமில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணிக்கு முக்கால்வாசி வந்துவிட்டது. மிச்சத்தை வெயில் தின்றுவிடும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்பது புடவை துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். மழை விட்டதும் மேசையைக் கொல்லைப்புறத்தில் வெயிலில் வைத்தேன். மஞ்சளும் சிவப்பும் போயின. ஆனால் அடியில் பழுப்பாக ஒன்று தங்கிவிட்டது. பொட்டு வைத்த இடமெல்லாம் பழுப்பு வட்டம், மேற்பலகையில் நாட்டு வரைபடம்மாதிரி ஒரு பெரிய பழுப்புத் திட்டு. தேய்த்தேன். போகவில்லை. இன்னும் தேய்த்தேன். மெல்லிய பலகை, ஓரளவுக்குமேல் தேய்த்தால் மேசையே மிஞ்சாது.

சேண்ட்பேப்பரை விட்டெறிந்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து அண்ணியை மனத்துக்குள் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. மஞ்சள் போன பிறகும் நிற்கிற கறை மஞ்சளுடையது இல்லை. அப்படியென்றால் அது சுண்ணாம்பின் வேலை. செர்ரி மரத்துக்குள் தேயிலையில் இருப்பதுபோல ஒரு துவர்ப்பு இருக்கிறது. அதில் சுண்ணாம்புக் காரம் பட்டால் கறுக்கும். வெயில் ஒரு வருடத்தில் செய்வதைச் சுண்ணாம்பு ஒரு நாளில் செய்துவிட்டது. பிரச்சினை சுண்ணாம்பு பட்டதில் இல்லை, அங்கங்கே மட்டும் பட்டதில்தான்.

லிட்டில் இந்தியாவுக்குப் போய் வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு கேட்டேன். கடைக்காரர் டப்பாக்களை எடுத்துக்கொண்டே, "கல்யாணமா அக்கா? இவ்ளோ வெத்தலையா போடப்போறாங்க?" என்றார். இல்லை, மேசைக்கு என்றேன். அவர் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

முதலில் மிச்சத் துண்டுப் பலகையில் சோதித்தேன். சுண்ணாம்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரைப் பூசினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்த பலகை தேன் நிறமானது, பிறகு செம்பழுப்பானது. கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் காரத்தை முறித்து, மறுபடி கழுவிக் காயவைத்தேன். திட்டு என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்கவில்லை. சாயம் என்றால் துளைகளில் போய்த் தேங்கும், அதனால்தான் திட்டு விழுகிறது. இது தேங்குகிற சமாச்சாரம் இல்லை, மரத்தின் நிறமே மாறுகிறது. இத்தனை வருடமாக இந்த எளிய காரியம் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அண்ணியின் ஆரத்தித் தட்டு என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு மேசை. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பக்கமும் விடாமல், ஓரம் காய்வதற்குள் அடுத்த பக்கத்தைப் பிடித்து, விறுவிறுவென்று பூசினேன். பொட்டுகளின் வட்டம் முதல் பூச்சில் மங்கியது. இரண்டாவது பூச்சில் எது பொட்டு, எது மேசை என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் பட்டதால் மரத்தின் மயிர் எழுந்து சொரசொரத்தது, அதை நைசாக நீவிவிட்டேன். நல்ல வெயில் வந்த ஒரு காலையில் அரக்கு, அதற்குமேல் வார்னிஷ். கண்ணாடியைப் பொருத்தினேன். சாமானைப் பார்த்து எனக்குப் பெருமை வருவது அபூர்வம். வந்தது. அந்தப் பெண் இதன் முன்னால் உட்கார்ந்து தலைவாரிக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன், கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது.

நலுங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி வந்து பார்த்தார். இந்தத் தடவை தனியாக. வாயைத் திறந்தபடி நின்றார். இழுப்பறையை இழுத்து மூடினார். மேற்பலகையைத் தடவினார். பொட்டு வைத்த இடங்களைக் குனிந்து தேடினார், ஒன்றும் இல்லை.

"பாத்தியா," என்றார். "கண்ணு கழிச்ச பொறகுதான் இப்படி ஒரு நெறம் வந்துச்சி. நான் சொன்னா நீ கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ பாதி உண்மை அதில் இருந்து தொலைத்ததுதான் வேடிக்கை. சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் அதையும் ஆரத்தியின் மகிமை என்றிருப்பார்.

போகும்போது வாசலில் நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்.

"நலுங்குக்கு நீ கொஞ்சம் லேட்டாவே வா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாப் போதும். மேசைய மட்டும் மத்தியானமே அனுப்பிரு, சீர்த்தட்டோட வைக்கணும்."

"நான் வச்சா பொண்ணு வேணாங்கறாளா?"

"அவகிட்ட ஏன் இதெல்லாம் கேட்டுக்கிட்டு? கல்யாணப் பொண்ணு."

"அவகிட்டத்தான் கேப்பேன்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். மண்டபத்துக்காரர் கூப்பிடுகிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அப்புறம் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பெண்மீது நம்பிக்கை இருந்தது. அம்மா எத்தனை பேசினாலும், அத்தைதான் முதலில் வைக்கவேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணியால் ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணப் பெண் சொல்லுக்கு அந்த ஒரு நாள் மதிப்பு உண்டு.

நலுங்கு நாள் மத்தியானம் லோரி வந்தது. லோரிக்காரரின் பக்கத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி கறுத்துச் சிவந்திருந்தது. மேசையைத் தானே கூட இருந்து கொண்டுபோகவேண்டும் என்று வந்தாளாம். கல்யாணப் பெண் இன்று வீட்டைவிட்டு இறங்கலாமா என்று கேட்டேன். அம்மா தூங்குது என்று சிரித்தாள்.

துணியை எடுத்துக் காட்டினேன். மேசையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கன்னத்தை மேற்பலகைமேல் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்தால் என் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் சாய்வாள். அந்த நேரத்தில் கேட்காமல் விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அம்மா என்னை லேட்டா வரச் சொல்றாங்க," என்றேன். "நலுங்கு முடிஞ்ச பொறகு."

அவள் கன்னத்தை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா ரொம்பப் பயப்படுது அத்தே. மாப்ள வீட்டுல வேற, அவங்க அத்தை ஒருத்தவங்க எல்லாத்தையும் கேப்பாங்களாம்."

"அம்மாவ விடு. மாப்ள வீட்ட விடு. நீ சொல்லு. நான் வந்து ஒனக்கு மஞ்ச வைக்கவா?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்க்கவில்லை. வெளியே லோரிக்காரர் மோட்டார்சைக்கிள்காரரிடம் நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மருதாணிக் கையால் இழுப்பறையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஆம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். நான் அதைவிட நிறைய நேரம் கொடுத்தேன்.

"மேச மட்டும் வரட்டுமே அத்தே," என்றாள். "நீங்க கல்யாணத்துக்கு வாங்க. முன் வரிசையில உக்கார வைக்கிறேன்."

அண்ணி சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது வெறும் கோபம். அண்ணி என்னை வெறுக்கிறவர், வெறுப்பிலிருந்து பேசினார். இவள் என்னை வெறுக்கவில்லை. என் மடியில் வளர்ந்து, என்னைப் பிடித்துப்போய், நன்றாக யோசித்து, அதற்குப் பிறகும் இதைச் சொன்னாள்.

"மேசைக்குத்தான் நாலு காலு இருக்கில்ல," என்றேன். "நடந்து வரச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். பாரம் இறங்கிய சிரிப்பு. அத்தை எப்போதும் இப்படித்தான் பேசும், கோபம் போய்விட்டது என்று நினைத்திருப்பாள். "போங்கத்தே, வெளையாடாதீங்க," என்று எழுந்து, லோரிக்காரரைக் கூப்பிட வெளியே போனாள். நான் பின்னாலேயே போய், சாமான் எதுவும் இல்லை, பெண்ணைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே வந்து ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். ஷட்டர் பாதி இறங்கும்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு தட்டினாள். அத்தே, அத்தே என்று கூப்பிட்டாள். முதலில் விளையாட்டாக, அப்புறம் அழுகையோடு. கொஞ்ச நேரத்தில் லோரிக்காரர், நேரமாகிறது தங்கச்சி என்று சொல்வது கேட்டது. கதவு அடைக்கிற சத்தம், வண்டி கிளம்புகிற சத்தம். நான் ஷட்டருக்கு இந்தப் பக்கம், பூட்டில் கையை வைத்தபடியேதான் நின்றுகொண்டிருந்தேன். திறக்கவில்லை.